தாயைக் காட்டுவீங்களா?

என் மகள் தண்ணீர் குடிப்பதை நான் ஒளித்திருந்து பார்த்த காலம் ஒன்று இருந்தது. ஏழெட்டு மாதம் இருக்கும். காலையில் அவள் குசினிக்குள் போனால் நான் எதையோ தேடுகிறவள் போலக் கதவடியில் நிற்பேன். கிளாஸ் வாயில் படும். தொண்டை ஏறி இறங்கும். கடைசி மிடறும் இறங்கிய பிறகுதான் எனக்கு மூச்சு வரும். அதற்குப் பிறகுதான் அரிசி களைவது, சேலை உடுப்பது, பஸ்ஸைப் பிடிக்க ஓடுவது எல்லாம்.

ஏன் என்று கேட்டால், ஒரு நாய்க்குட்டியால். சரியாகச் சொன்னால், நாய்க்குட்டியை யாரிடம் வாங்குவது என்று தெரியாத என் மொக்குத்தனத்தால்.

எங்கள் வீடு தன்னாமுனையில், வாவிப் பக்கம். வளவுக்குப் பின்னால் வேலி, வேலிக்கு அங்கால் சேற்றில் வளர்கிற கண்ணாப் பற்றை, அதற்கு அங்கால் தண்ணீர். கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். எனக்குப் பட்டினத்தில் தபால் கந்தோரில் வேலை. மகள் ஐந்தாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டு இரண்டு மணிக்கு வருவாள். நான் வர ஐந்தாகும். நடுவில் அந்த மூன்று மணித்தியாலம் அவள் கதவைப் பூட்டிக்கொண்டு தனியே இருப்பாள்.

மாரி தொடங்கிய நேரம், ஒருநாள் நான் வந்தபோது பிள்ளை கட்டிலுக்கு அடியில் கிடந்தாள். பின்பக்கம் யாரோ இருமினார்கள் என்றாள். போய்ப் பார்த்தேன். வேலியோரச் சேற்றில் பெரிய ஆளின் கால் அடையாளம் இரண்டு. குசினி யன்னல் கம்பியிலும் சேறு. கணவரை வீடியோவில் எடுத்துச் சொன்னேன். அவருக்கு முகம் செத்துவிட்டது.

"ஒரு நாயக் கொண்டந்து விடு. நாய் நிண்டா ஒருத்தனும் கிட்ட வரமாட்டான்" என்றார்.

நாய்தானே, அதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். ஒரு சட்டைத்துணி எடுக்கவே நாலு கடை ஏறி இறங்குகிறவள் நான். நாய்க்குட்டிக்கு ஒரே ஒரு இடம்தான் பார்த்தேன். போனில் ஒரு படம் வந்தது. 'ஒரிஜினல் ஜேர்மன் செப்பேட், ஊசி போட்டது' என்று எழுதியிருந்தது. குட்டியின் நெற்றியில் வட்டமாக ஒரு கறுத்தப் பொட்டு. கண்ணூறு படாமல் மை வைத்திருந்தார்கள். மகள் அந்தப் பொட்டைப் பார்த்துச் சிரித்தாள். கட்டிலுக்கு அடியில் போன பிறகு அவள் சிரித்தது அன்றுதான். அதோடு என் யோசனை முடிந்தது.

ஓட்டோ பிடித்துப் போனோம். பெரிய ரோட்டை விட்டிறங்கி, கிறவல் பாதையில் நெடுந்தூரம் உள்ளே ஒரு வீடு. ஒரு மனிதர் பிஸ்கட் பெட்டிக்குள் குட்டியை வைத்துக்கொண்டு கேற்றடியிலேயே நின்றார். உள்ளே கூப்பிடவில்லை. அந்த வளவில் ஒரு குரைப்புச் சத்தமும் இல்லை. நாய் வளர்க்கிற வீட்டில் நாய் குரைக்கவில்லையே என்று என் காதுக்குப் பட்டது. மண்டைக்குப் படவில்லை.

"ஊசி போட்டதா தம்பி?"

"போட்டாச்சு அக்கா."

"தாய் எங்க? பாக்கலாமா?"

"தாயக் காட்டுறதில்ல அக்கா. குட்டி போட்டு நாப்பது நாளும் ஆகல்ல. ஆக்கள் வந்து பாத்துப் பாத்து, கண்ணூறு பட்டா பால் வத்திப்போகும். மத்தக் குட்டியள் பாவமெல்லா?"

இந்த இடத்தில் வேறு ஊர்க்காரியாக இருந்தால் திரும்பி வந்திருப்பாள். நான் தலையாட்டினேன். என் மகள் பிறந்தபோது நானும் அப்படித்தான். முப்பத்தொரு நாளும் துணியால் மூடி வைத்திருந்தேன். ஒருத்தி வந்து, "என்ன வடிவாப் பால் குடிக்கிறாள்" என்று சொல்லிவிட்டுப் போன அன்று பின்னேரம் பிள்ளை கக்கிக்கொண்டே கிடந்தாள். உப்பும் செத்தல் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்ட பிறகுதான் எனக்கு மனம் ஆறியது. பிள்ளை பெற்றவளுக்குத்தானே அந்தப் பயம் தெரியும். நாயென்றாலும் தாய் தாய்தானே என்று எனக்குப்பட்டது. போதாக்குறைக்கு, கேற் இடுக்கால் எட்டிப் பார்த்த மகளைப் பிடித்து இழுத்தேன்.

"எட்டிப் பாக்காத! தாய்க்குக் கண்ணூறு படும்."

அந்த மனிதர் மிச்சம் சொல்ல வேண்டியதை நானே சொல்லிக்கொடுத்துவிட்டேன். இப்போது நினைத்தாலும் என் தலையில் நானே குட்ட வேண்டும் போல இருக்கிறது.

முதல் நாள் குட்டி மகளின் மடியிலேயே கிடந்தது. இரண்டாம் நாள் பாலை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பியது. இடம் மாறினால் அப்படித்தான் என்றேன். மூன்றாம் நாள் கக்கியது, பிறகு இரத்தமாகப் போகத் தொடங்கியது. வீடெல்லாம் ஒரு நாற்றம். மகள் பாலில் விரலைத் தோய்த்து அதன் வாய்க்குள் வைத்தாள். குட்டி 'கவ்' என்று பிடித்துக்கொண்டது. நான் வாயைப் பிரித்து விரலை எடுக்கையில் என் கையிலும் பல் கீறியது. ஊசிமுனை போன்ற சின்னப் பல். சவுக்காரம் போட்டுக் கழுவினேன். ஊசி போட்ட குட்டிதானே, பயமில்லை என்று பிள்ளைக்கும் சொன்னேன், எனக்கும் சொன்னேன்.

நாலாம் நாள் காலையில் பெட்டிக்குள் விறைத்துக் கிடந்தது. நெற்றியில் மை அழியாமல் அப்படியே இருந்தது. பக்கத்து வீட்டு அண்ணன் முருங்கையடியில் குழி வெட்டிப் புதைத்தார். மகள் அழவில்லை. தன் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அதைக் கண்டதும்தான் எனக்குள் குட்டிக்கு விசர், அதாவது வெறிநோய், இருந்ததோ என்ற பயம் எழும்பியது. விற்ற மனிதருக்கு அழைப்பு எடுத்தேன். போன் வேலை செய்யவில்லை. அடுத்த நாளும் எடுத்தேன். அந்தப் படத்தையும் காணவில்லை. அதற்குப் பிறகும் வீட்டில் இருக்க எனக்கென்ன விசரா? பிள்ளையை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

"நாயின்ட தலை எங்க?" என்று டொக்டர் கேட்டார்.

எனக்கு விளங்கவில்லை. தலையை அனுப்பிச் சோதித்தால்தான் விசர் இருந்ததா இல்லையா என்று சொல்லலாம் என்றார். புதைத்துவிட்டோம் என்றேன். இரண்டு நாள் மழைக்குள் கிடந்ததை இனிக் கிண்டிப் பயனில்லை என்றார். எங்கள் இருவருக்கும் ஊசி எழுதினார். நாள் குறித்துக் குறித்துப் போய் வந்தோம். எல்லாம் முடிந்தபோது, "ஒழுங்காப் போட்டாச்சு, இனிப் பயப்பட ஒண்டுமில்ல" என்றார். நல்ல மனிதர். ஆனால் பயப்படாதே என்று சொன்னால் பயம் போய்விடுமா?

நடுவில் ஒருநாள் மிருக வைத்தியரிடமும் போனேன். கண்ணாடியை மூக்கு நுனியில் போட்டுக்கொண்டு கேட்டார்.

"என்ன ஊசி போட்டதாம்?"

"ஊசி எண்டுதான் சொன்னவர்."

"தங்கச்சி, சத்தூசியும் ஊசிதான், தடுப்பூசியும் ஊசிதான். அட்டையக் காட்டச் சொன்னீங்களா?"

"இல்ல."

"தாயப் பாத்தீங்களா?"

கண்ணூறுக் கதையைச் சொன்னேன். அவர் பேனையை மேசையில் வைத்தார்.

"கண்ணூறு அந்தத் தாய்க்குப் படல்ல, உங்களுக்குத்தான் பட்டிரிக்கு. அந்த வீட்டில தாயே இல்ல. அங்க இஞ்ச பொறுக்கின குட்டியளப் பொட்டு வெச்சு விக்கிறானுகள்."

நான் சொல்வதைப் பார்த்தால் அது பாவோ என்கிற குடல் வருத்தம்தானாம், அது மனிதருக்குத் தொற்றாதாம், ஆனால் குட்டியைக் காணாமல் விசர் இல்லை என்று தன்னால் சொல்ல முடியாதாம். இன்னொன்றும் சொன்னார். அந்த வருத்தக் கிருமி எங்கள் மண்ணில் ஒரு வருசம் போனாலும் கிடக்குமாம். ஊசியெல்லாம் போட்டு முடியாத எந்தக் குட்டியையும் அந்த வளவுக்குள் கொண்டுவரக்கூடாதாம். "நீங்களும் குட்டி நிக்கிற வீடுகளுக்குப் போகாதீங்க. செருப்பில ஒட்டிக்கொண்டு போகும்" என்றார். மகளும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

தண்ணீர் விசயம் அதற்குப் பிறகுதான் தொடங்கியது. விசர் வந்தவர்களுக்குத் தண்ணீரைக் கண்டால் தொண்டை இறுகும் என்று எல்லோருக்கும் தெரியும். டொக்டர் சொன்னதை என் காது கேட்டது. என் கண் கிளாஸையே பார்த்தது. மகள் இருமினால் பயம். பள்ளிக்கூடத்திலிருந்து தண்ணீர்ப் போத்தல் பாதியோடு வந்தால் பயம். குளிக்கப் பஞ்சிப்பட்டுத் தள்ளிப்போட்டால் பயம். காலையில் பஸ்ஸில் வாவியோரமாகப் போகையில் தண்ணீரைப் பார்க்கப் பிடிக்காமல் மற்றப் பக்கத்து ஆசனத்தில் இருப்பேன். கணவரிடம் சொல்லவில்லை. அவர் அங்கே கிடந்து என்ன செய்வார்?

ஒரு நல்ல மாற்றமும் நடந்தது. நான் ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்தால், மகள் ஒரு கிளாஸ் தண்ணீரோடு வாசலில் நிற்பாள். "குடிங்கம்மா" என்பாள். செருப்பைக் கழற்றக்கூட விடமாட்டாள். குடித்து முடித்த கிளாஸை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். நான் கணவரிடம் பெருமையடித்தேன். "உங்கட மகளுக்குப் பொறுப்பு வந்திற்று. களைச்சு வாற தாய்க்குத் தண்ணி குடுக்கிறாள்" என்றேன். அவர் அங்கே கண் கலங்கினார்.

வெயில் காலம் வந்தபோது மகள்தான் பேச்சை எடுத்தாள்.

"அம்மா, இன்னொரு நாய் எடுப்பமா? நீங்க வாறவரைக்கும் எனக்குப் பயமா இரிக்கு."

இருமினவன் பயம் என்று நினைத்தேன். இல்லையென்று சொல்ல வாய் வரவில்லை. இந்தமுறை போனை எடுத்து, விற்கிற ஒவ்வொருவரிடமும் முதல் வார்த்தையாக ஒன்றையே கேட்டேன். "தாயைக் காட்டுவீங்களா?"

ஒருவர் தாய் கொழும்பில் என்றார். ஒருவர் தாய்க்குக் குணம் சரியில்லை, கடிக்கும் என்றார். தாய் கடித்தால் குட்டி கொஞ்சுமா? இன்னொருவர், "தாய் வெளிநாட்டில அக்கா, இறக்குமதிக் குட்டி" என்றார். எனக்கு ஏறிவிட்டது. "என்ட புருசனும் வெளிநாட்டிலதான் தம்பி. ஒரு நாளைக்கு மூண்டு தரம் வீடியோவில வந்து முகத்தக் காட்டுறார். உங்கட தாயையும் காட்டச் சொல்லுங்க" என்றேன். அழைப்பைத் துண்டித்துவிட்டார்.

கடைசியில் மிருக வைத்தியரிடமே போய்க் கேட்டேன். பெரியகல்லாற்றில் ஒருவர், தோணி எஞ்சின் திருத்துகிறவர், ஒரே ஒரு பெட்டை லப்ரடோர் வைத்திருக்கிறார், குட்டிகளை ஊசிக்குத் தன்னிடம்தான் கொண்டுவருவார் என்றார். "ஆனா அவர் சும்மா தரமாட்டார். உங்களச் சோதிப்பார்" என்றார். என்னிடம் சோதிக்க என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். செருப்பை முதல் நாளே குளோரின் போட்டு உரஞ்சிக் கழுவியிருந்தேன். அது போதும் என்று என் மனதைச் சமாளித்தேன்.

வாசல் கடப்படியிலேயே ஒரு பேசினில் மருந்துத் தண்ணீர் இருந்தது. கால் நனைத்துவிட்டு வரச் சொன்னார்கள். செத்த வீட்டுக்குப் போய் வந்தவர்கள் போலக் கால் கழுவினோம். உள்ளே விறாந்தையில் ஒரு மஞ்சள் நிறத் தாய் நாய் படுத்திருந்தது. மடி தொங்கிப்போய், சோர்ந்து, ஆனால் கண் தெளிவாக இருந்தது. எழும்பி வந்து மகளின் கையை மணந்தது. மை இல்லை, பொட்டு இல்லை.

"பாருங்க தங்கச்சி, வடிவாப் பாருங்க. பாக்கத்தானே வந்தீங்க" என்றார் வீட்டுக்காரர். கையெல்லாம் எஞ்சின் எண்ணெய். அட்டையைக் கொண்டுவந்து காட்டினார். தாய்க்குப் போட்ட ஊசி எல்லாம் திகதியோடு இருந்தது. குட்டிகளுக்கு ஐந்து கிழமை, முதல் ஊசி இனித்தான். சின்ன அறைக்குள்ளே ஏழு குட்டிகள் கத்துகிற சத்தம் கேட்டது. மகள் கழுத்தை நீட்டினாள். இந்தமுறை நான் அவளைப் பிடித்து இழுக்கவில்லை.

பிறகு அவர் கேட்கத் தொடங்கினார். வீட்டில் யார் யார், பகலில் யார் நிற்பது, கட்டி வைப்பீர்களா, வருத்தம் வந்தால் யாரிடம் கொண்டு போவீர்கள். கந்தோரில் ஆட்களைக் கேள்வி கேட்டே பழகிய எனக்கு வியர்த்தது.

"முன்னம் நாய் வளத்தீங்களா?"

"ஒரு குட்டி நிண்டது."

"என்ன நடந்தது?"

உண்மையைச் சொன்னால் குட்டி தரமாட்டார். இந்த மாவட்டத்தில் தாயைக் காட்டிய ஒரே ஆள் இவர். பிள்ளை தனியே இருக்கிற அந்த மூன்று மணித்தியாலம் என் கண்ணுக்குள் வந்தது.

"ரோட்டில வாகனம் அடிச்சிப் போட்டுது" என்றேன்.

என் கைக்குள் இருந்த மகளின் கை கழன்றது. அவர் 'ச்' என்று பாவப்பட்டுவிட்டு எழும்பினார். அறைக் கதவின் கொண்டியில் கை வைத்தார்.

"திறக்காதீங்க மாமா!" மகள் கத்தினாள். "வாகனம் அடிக்கல்ல. ரத்தமாப் போய்ச் செத்தது. எங்கட மண்ணில அது இரிக்கி. செருப்பில ஒட்டும்."

அந்த விறாந்தையில் பூமி பிளந்திருந்தால் இறங்கியிருப்பேன். அவர் கொண்டியிலிருந்து கையை எடுத்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன்.

"தங்கச்சி, உள்ளுக்கு ஏழு சீவன் இரிக்கி. நீங்க நல்ல பொம்புள மாதிரித்தான் தெரியிது. அந்தப் பொட்டு வெச்சு வித்தவனும் உங்களுக்கு நல்லவன் மாதிரித்தான் தெரிஞ்சிருப்பான்" என்றார். குட்டிக் கதையை மிருக வைத்தியர் அவரிடம் முன்னமே சொல்லியிருக்கிறார். உண்மை என்னிடமிருந்து வருகிறதா என்றுதான் கொண்டியில் கை வைத்துப் பார்த்திருக்கிறார். என் முகத்தை எங்கே வைப்பது?

மறுபடி கால் கழுவ வைத்தார். குட்டிகளைக் கிட்டப் பார்க்க விடவில்லை. யன்னலுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தோம். பிறகு மகளிடம்தான் பேசினார், என்னிடம் இல்லை.

"மகள், ஒரு குட்டிய உனக்கெண்டு வெச்சிருக்கன். ஆனா நாலு மாசம் ஆகி, எல்லா ஊசியும் போட்டு முடிச்சித்தான் தருவன். ஓமா?"

"ஓம்" என்றாள். பிறகு விரலைப் பார்த்தாள். "மாமா, நாய் கடிச்சா எத்தின வருசத்துக்குப் பிறகும் விசர் வருமாமே? பள்ளிக்கூடத்தில சொன்னவங்க."

இந்தப் பிள்ளை இதை எத்தனை நாளாக மனதில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறாள்? அவர் சட்டைக் கையை மடித்து, முழங்கைக்குக் கீழே ஒரு பழைய தழும்பைக் காட்டினார்.

"எனக்கு உன்ட வயசில ரோட்டு நாய் கடிச்சது. நீ போட்ட மாதிரி முழு ஊசியும் போட்டன். இப்ப நான் நாள் முழுக்க எங்க நிக்கிறன் தெரியுமா? ஆத்துத் தண்ணிக்குள்ள, இடுப்பளவுக்கு." எங்கள் பக்கத்தில் வாவியை ஆறு என்றுதான் சொல்வோம்.

அவருடைய மனைவி இரண்டு கிளாஸில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். மகள் ஒன்றை எடுத்தாள். என் கண் தானாக அவள் தொண்டைக்குப் போனது. பழகின கண். யன்னலைப் பார்ப்பவள் போல முகத்தைத் திருப்பிக்கொண்டு கடைக்கண்ணால் பார்த்தேன். அவள் மளமளவென்று குடித்தாள். வெறும் கிளாஸை என் முகத்துக்கு நேரே கவிழ்த்துக் காட்டினாள்.

"பாத்தீங்களா? முழுக்கக் குடிச்சிட்டன். கதவடியில நிண்டு பாக்கிறது எனக்குத் தெரியும்."

அவள் மற்றக் கிளாஸை எடுத்து என் கையில் தந்தாள்.

"இப்ப நீங்க குடிங்கம்மா. உங்களுக்கும்தானே பல் பட்டது."

அப்போதுதான் ஐந்து மணி வாசல் எனக்கு விளங்கியது. செருப்பைக் கழற்ற விடாமல் நீட்டிய தண்ணீர். வெறும் கிளாஸ் கைக்கு வரும்வரை அசையாமல் நின்ற நிலை. நீங்க வாறவரைக்கும் எனக்குப் பயமா இரிக்கு என்றாளே, அந்தப் பயம். என் கீறலை நான் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. அவள் அதைத் தவிர வேறெதையும் நினைத்ததில்லை.

கிளாஸை வாய்க்குக் கொண்டுபோனேன். கொஞ்சம் சேலையில் சிந்தியது. மகள் என் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் மெதுவாக, அவளுக்கு நன்றாகத் தெரியும்படி, கடைசி மிடறுவரை குடித்து முடித்தேன்.